பழைய பிக்கப்பின் ஸ்ரியரிங் கொலம் ஆடினால்: அறிகுறியிலிருந்து பழுதுக்கு

பரந்தனுக்கும் விசுவமடுவுக்கும் இடையில் இருக்கும் என்னுடைய கராஜுக்கு வருகிற பழைய பிக்கப்புகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட பின்னர் நாட்டுக்குள் வந்த டட்சன், ரொயோட்டா ஹைலக்ஸ் போன்ற ஜப்பானிய வண்டிகள் ஒரு கூட்டம். அதற்கு முன்பே வந்து, இன்னும் எவருடைய மாமரத்துக்குக் கீழாவது உயிரோடு நிற்கும் மொறிஸ் மைனர் வண்டிகள் மற்றக் கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெயில் ஓடி, உதிரிப்பாகம் வராத ஆண்டுகளில் கையில் அகப்பட்டதை வைத்துத் திருத்தப்பட்டவை இவற்றில் பல. ஆகையால் கையேட்டில் உள்ள படம் ஒன்றாகவும் வண்டிக்குள் இருப்பது வேறொன்றாகவும் இருந்தால் வியப்படைய வேண்டியதில்லை.

ஸ்ரியரிங் வளையத்திலிருந்து கீழிறங்கும் தண்டையும், அதைப் போர்த்தியிருக்கும் குழாயையும், குழாயை டாஷ் போட்டின் அடியில் பிடித்திருக்கும் பிறக்கற்றையும் சேர்த்தே கொலம் என்கிறோம். வண்டியைக் கொண்டுவருபவர் ‘ஸ்ரியரிங் லூஸ்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அந்தச் சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு பழுதுகள் இருக்கின்றன: கொலம் முழுவதுமாக ஆடுவது, வளையம் மட்டும் ஆடுவது, வளையத்தைத் திருப்பியும் முன்சக்கரம் உடனே திரும்பாதிருப்பது. இவற்றைப் பிரித்தறியாமல் ஸ்பனரை எடுப்பவர் பெரும்பாலும் ஸ்ரியரிங் பெட்டியின் (தண்டின் சுழற்சியைச் சக்கரத்தைத் திருப்பும் அசைவாக மாற்றும் பற்பெட்டியின்) தலையில் உள்ள சீராக்கும் திருகையே முதலில் இறுக்குவார். அது கண்ணுக்கு நேரே இருக்கிறது, கைக்கும் எட்டுகிறது. என் அனுபவத்தில் குற்றம் அங்கே இருப்பது கடைசிச் சந்தர்ப்பம்தான்.

வேலை தொடங்குமுன்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பற்றரியின் எர்த் வயரைக் கழற்றிவிட வேண்டும். ஹோர்ன் வயர் கொலத்துக்குள்ளால் போவதால், கழற்றாமல் விட்டால் பாதி வேலையில் ஹோர்ன் அலறும். அதைவிட மோசமாக, சாவிப் பூட்டின் வயர்கள் பிறக்கற்றில் உரசிப் புகையும். வண்டியை உயர்த்த வேண்டிய இடங்களில் ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. இரும்புத் தாங்கி இல்லாதவர்கள் முதிரை அல்லது பாலைக் கட்டையைச் செசிக்குக் கீழே கொடுக்கலாம். வன்னியில் அந்த மரத்துண்டுக்குப் பஞ்சமில்லை, அது நசியவும் மாட்டாது. செங்கல்லும் சீமெந்துக் கல்லும் ஆகவே ஆகாது. பாரம் ஒரு முனையில் விழுந்தவுடன் அவை பிளந்துவிடும்.

இங்கே சொல்பவை காற்றுப்பை இல்லாத பழைய வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். வளையத்துக்குள் காற்றுப்பை வைத்த வண்டி ஒன்று கைக்கு வந்தால் இந்த முறையில் அதைத் தொட வேண்டாம்.

எது ஆடுகிறது என்று காணுதல்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். நான்கு சக்கரமும் தரையில் இருக்க, முன்சக்கரம் நேரே பார்க்க, ஒருவர் ஆசனத்தில் இருந்து வளையத்தை இடமும் வலமுமாக மெல்ல ஆட்ட வேண்டும். சக்கரம் அசையத் தொடங்குகிற அளவுக்கு மேல் போகக் கூடாது. மற்றவர் கீழே இருந்து, வளையத்தில் தொடங்கிச் சக்கரம் வரைக்கும் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். மூட்டின் இரண்டு பக்கத்திலும் படும்படி விரலை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத தளர்வு விரலுக்குத் தெரியும். சந்தேகமான மூட்டில் வெண்கட்டியால் குறுக்கே ஒரு கோடு கீறிவிட்டு மறுபடியும் ஆட்டச் சொல்லுங்கள். கோடு எந்த மூட்டில் முறிந்து இரண்டாகிறதோ அங்கேதான் பழுது. இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் பாகம் வாங்க வவுனியாவுக்குப் பஸ் ஏறியவர்களை எனக்குத் தெரியும்.

அளவையும் இப்போதே பார்த்துக்கொள்ளலாம். வளையத்தின் விளிம்பில் ஒரு துண்டு ரேப் ஒட்டி, பக்கத்தில் அடிமட்டத்தைப் பிடித்து, சக்கரம் அசையும் முன் விளிம்பு எவ்வளவு தூரம் சும்மா ஓடுகிறது என்று அளக்க வேண்டும். பெட்டி வைத்த ஜப்பானிய பிக்கப்பில் 30 மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும். மொறிஸ் மைனரில் இருப்பது பெட்டியல்ல, றாக் என்ற பல் வெட்டிய நீளச் சட்டம். அதில் அரை அங்குலத்துக்கு மேல் ஓடினாலே கூடுதல்.

வளையத்தோடு குழாயும் சேர்ந்து ஆடினால்

வளையத்தைப் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பார்க்கும்போது குழாயும் சேர்ந்து எழுந்து அமர்ந்தால், டாஷ் போட்டின் அடியில் உள்ள பிறக்கற்றைப் பார்க்க வேண்டும். கிறவல் வீதியில் ஆண்டுக்கணக்கில் அதிர்ந்த வண்டியில் இது முதலில் வருகிற பழுது. நல்ல வேளையாக எளிதில் தீர்கிற பழுதும் இதுவே. கொலத்தின் கீழ் மூடியைக் கழற்றி, ரோச் அடித்துப் பார்த்தால் இரண்டு அல்லது நான்கு போல்ற் தெரியும். ஜப்பானிய வண்டிகளில் இவை பெரும்பாலும் 12 மி.மீ. ஸ்பனர் பிடிக்கும், 8 மி.மீ. மறையுள்ள போல்ற்றுகள். தளர்ந்திருந்தால் அப்படியே இறுக்கிவிடாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி, மறையில் உள்ள புழுதியையும் துருவையும் துடைத்து, புதிய ஸ்பிறிங் வாஷர் போட்டு, ஏறத்தாழ 20 நியூட்டன் மீற்றர் அளவுக்கு இறுக்க வேண்டும். ரோர்க் ஸ்பனர் இல்லாதவர் சாதாரண ஸ்பனரை நடுவில் பிடித்து ஒரு கையால் உறுதியாக இழுத்தால் அந்த அளவுக்கு அண்மையில் வரும்; குழாய் மாட்டி நீட்டி இழுத்தால் போல்ற்றின் மறை போய்விடும்.

போல்ற் இறுக்கமாக இருந்தும் குழாய் ஆடினால், போல்ற் பிடித்திருக்கும் தகட்டைப் பார்க்க வேண்டும். துரு தின்ற தகடு போல்ற்றைச் சுற்றி வட்டமாகக் கிழிந்திருக்கும், அல்லது பிறக்கற்றின் வளைவில் மயிரிழை போன்ற வெடிப்பு இருக்கும். புழுதிக்குள் வெடிப்பு மறைந்துவிடும். அதைக் காண ஒரு பழைய முறை உண்டு: அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் விட்டு, உலரத் துடைத்துவிட்டு, வெண்கட்டித் தூளை மேலே தேய்க்க வேண்டும். வெடிப்புக்குள் இறங்கிய மண்ணெண்ணெய் திரும்ப ஊறி வெளியே வந்து, வெள்ளையின் மேல் கறுத்த கோடாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

வெடித்த பிறக்கற்றைக் கழற்றி வெளியே வைத்து வெல்டிங் செய்யலாம். கழற்றாமல், வண்டிக்குள் வைத்தே டாஷ் போட்டோடு சேர்த்து மூன்று நான்கு இடத்தில் ஒட்டிவிடும் வழக்கத்தை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஒட்டின் ஓரத்தில் தகடு சூடேறி நொய்ந்துபோய், அடுத்த வெடிப்பு ஒட்டுக்குப் பக்கத்தில் தொடங்கும். பிறகு கொலத்தை இறக்க வேண்டிய நாளில் அரத்தால் அறுக்க வேண்டியும் வரும். இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. சில வண்டிகளில் பிறக்கற் போல்ற்றைச் சுற்றிப் பிளாஸ்ரிக் ஊசிகளால் பிடிக்கப்பட்ட சிறிய உலோகத் துண்டு இருக்கும். வண்டி முன்னால் மோதும்போது அந்த ஊசிகள் அறுந்து, கொலம் ஓட்டுநரின் நெஞ்சைக் குத்தாமல் சரிந்து போவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அது தளர்ந்து தெரிந்தால் அதே வகைத் துண்டைத் தேடிப் போட வேண்டும். அதை இரும்போடு இரும்பாக ஒட்டிவிடுபவர் தளர்வை நீக்கி ஈட்டி ஒன்றைப் பூட்டிக் கொடுக்கிறார்.

பாதத்தடியில், குழாய் தரைத் தகட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு பிடியும் றப்பர் வளையமும் இருக்கும். மேல் பிறக்கற் சரியாக இருந்தும் ஆட்டம் மிஞ்சினால் இதையும் பார்க்கவும். மழைகாலத்தில் ஈரக் காலோடு ஏறி இறங்குவதால் இந்த இடத்துத் தகடு மற்ற இடங்களுக்கு முன்னே உக்கிப் போகும்.

குழாய் அசையாமல் வளையம் மட்டும் ஆடினால்

குழாயை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் வளையத்தை எல்லாத் திசையிலும் அசைத்துப் பார்க்க வேண்டும். குழாய் நிற்க வளையம் மட்டும் ஆடினால் குற்றம் ஒன்றில் வளையத்தின் நட்டில், அல்லது தண்டின் மேல் முனையைத் தாங்கும் புஷ் அல்லது பெயாரிங்கில்.

முதலில் நட். ஹோர்ன் மூடியைக் கழற்றினால் அது தெரியும். நட் இறுகியிருக்கிறதா என்று பார்க்கும்போது வளையத்தைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். சாவியை எடுத்து ஸ்ரியரிங் பூட்டை விழவைத்து அதன் பலத்தில் நட்டை இறுக்குபவர்கள், நட்டோடு பூட்டின் நாக்கையும் முறித்துவிடுகிறார்கள். நட் தளர்ந்த நிலையில் நெடுநாள் ஓடிய வண்டியில் தண்டின் பல்லும் வளையத்தின் உட்பல்லும் தேய்ந்திருக்கலாம். நட்டை இறுக்கிய பிறகும் வளையம் தண்டின் மேல் சிறிதாவது சுழன்றால் அந்த வளையத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இடைவெளியில் தகரம் செருகி ஓட்டலாம் என்று எவராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

புஷ்ஷைப் பார்க்க வளையத்தைக் கழற்ற வேண்டும். வளையத்துக்கும் தண்டுக்கும் குறுக்கே ஓர் அடையாளம் இட்டு, நட்டை முழுவதும் எடுக்காமல் இரண்டு மறையில் விட்டு, புல்லரால் இழுக்க வேண்டும். நட் அங்கே இருந்தால், வளையம் திடீரென்று கழன்று முகத்தில் அடிக்காது. தண்டின் தலையில் சுத்தியலால் அடிப்பது நமது கராஜ்களின் பழைய கெட்ட பழக்கம். தண்டு இரண்டு துண்டாக ஒன்றுக்குள் ஒன்று செருகப்பட்ட வகையாக இருந்தால் அந்த அடியிலேயே உள்ளே உள்ள பிளாஸ்ரிக் ஊசிகள் அறுந்து, இல்லாத பழுதை நாமே உண்டாக்கிவிடுவோம்.

உள்ளே இருப்பது வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் குண்டு பெயாரிங், சிலவற்றில் நைலோன் புஷ், மிகப் பழையவற்றில் எண்ணெயில் ஊறிய கம்பளிப் பட்டை. ஒரு வண்டியைத் திறந்தபோது சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இறுகச் சுற்றி உள்ளே செருகியிருந்ததைக் கண்டேன். அது எப்போது செய்த வேலை என்று உரிமையாளருக்கே தெரியவில்லை; ஆனால் சுற்றிய விதத்தில் ஒரு நல்ல கை தெரிந்தது. இல்லாத காலத்துக்கு அது போதுமாக இருந்தது. இப்போது கடையில் புஷ் கிடைக்காவிட்டாலும், நைலோன் கம்பியைக் கடைசல் பட்டறையில் கொடுத்து வெட்டுவிக்கலாம். தண்டின் விட்டத்தை அது தேயாத இடத்தில் அளந்து, புஷ்ஷின் உள்விட்டம் அதைவிட 0.1 மி.மீ. அளவு மட்டும் கூடுதலாக இருக்கச் சொல்ல வேண்டும். நைலோன் வெயிலில் சற்று விரியும். ஒட்ட வெட்டினால் பங்குனி வெயிலில் நிறுத்திய வண்டியின் வளையம் கல்லாகிவிடும். பூட்டும்போது மெல்லிய கிறீஸ் பூச்சு போதும்; அள்ளி அப்பினால் புழுதி வந்து அதோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும்.

வளையம் மேலே இழுபட்டுக் கீழே அமுங்கினால்

தண்டின் நீளவாக்கில் வரும் இந்த அசைவைச் சிறிது என்று விட்டுவிடக் கூடாது. மேலே தண்டைப் பிடித்திருக்கும் சேர்க்கிளிப் (பள்ளத்தில் மாட்டும் கம்பிப் பிடி) கழன்றிருந்தால் அதைத் திரும்பப் போட்டவுடன் நிற்கும். அது இருக்க, வளையம் இன்னும் மேலே வந்தால், கீழே தண்டு பெட்டியோடு சேரும் மூட்டு கழன்று வருகிறது என்று எடுத்துக்கொண்டு, காரணம் தெரியும் வரை வண்டியை முற்றத்தை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. தண்டும் பெட்டியும் ஒரே துண்டாக உள்ள வண்டியில் இதே அறிகுறி பெட்டிக்குள் உள்ள பெயாரிங்குகள் தளர்ந்ததைக் காட்டும். அங்கே பெட்டியை இறக்கித் திறக்கத்தான் வேண்டும்.

வளையம் திரும்பியும் சக்கரம் சற்றுப் பொறுத்துத் திரும்பினால்

கொலம் அசையவில்லை, வளையமும் ஆடவில்லை, ஆனால் ஓட்டும்போது வண்டி வீதியில் மிதப்பது போல இருக்கிறது, நேரே போகவே இடமும் வலமும் திருத்திக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்றால், தண்டுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு மூட்டையும் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். மேலிருந்து கீழாகப் போகும்போது அவை வரும் வரிசை: கப்ளிங், பெட்டி, ட்ரொப் ஆம் (பெட்டியிலிருந்து இறங்கும் கை), நடுத் தண்டு (இரு பக்கத்தையும் இணைப்பது), ஐட்லர் ஆம் (எதிர்ப்பக்கத்தில் அதைத் தாங்கும் கை), ரை றொட் என்ட் (சக்கரத்துக்குப் போகும் தண்டின் முனையில் உள்ள குண்டு மூட்டு). பார்க்கும் வரிசையில் பெட்டியின் உட்பகுதியைக் கடைசியில் வைக்க வேண்டும்.

கப்ளிங் என்பது கொலத்தின் தண்டையும் பெட்டியின் தண்டையும் இணைக்கும் துண்டு. பல வண்டிகளில் நடுவில் துணி வைத்த றப்பர் தட்டு இருக்கும். எஞ்சின் சூட்டிலும் சிந்திய எண்ணெயிலும் அந்த றப்பர் ஊறிப் பிரியும். வளையத்தை ஆட்டும்போது மேல் பக்கம் திரும்பிக் கீழ்ப் பக்கம் தாமதித்தால் தட்டு போய்விட்டது. கன்வேயர் பெல்ற் வெட்டிப் போட்டு ஓடிய வண்டிகள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பாகம் கிடைக்கிற இக்காலத்தில் அதைச் செய்வதற்கு நியாயம் இல்லை.

கப்ளிங்கின் கிளாம்ப் போல்ற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்டியின் தண்டில் பல் வெட்டியிருக்கும். அந்தப் பல்லின் குறுக்கே ஒரு பக்கத்தில் அல்லது சுற்றிவர ஒரு பள்ளம் இருக்கும். கிளாம்ப் போல்ற் அந்தப் பள்ளத்துக்குள்ளால் போக வேண்டும். அப்படிப் போனால், நட் தளர்ந்தாலும் தண்டு கழன்று வராமல் போல்ற்றே குறுக்கே நின்று தடுக்கும். கப்ளிங்கைப் போதிய ஆழத்துக்கு இறக்காமல் பூட்டினால், போல்ற் பள்ளத்தில் இறங்காமல் பல்லின் முனையில் ஏறி நிற்கும். ஸ்பனருக்கு இறுகியதாகவே தோன்றும். கிளாம்ப் முழுவதும் மூடியிருக்காது. ஓட ஓட அது கழலும்.

துணுக்காய்ப் பக்கத்திலிருந்து ஒரு கமக்காரர் ஹைலக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். காலபோக அறுவடை முடிந்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மாதம். ‘தம்பி, இறுக்கினா மரம் மாதிரி நிக்குது, விட்டா ஊஞ்சல் மாதிரி ஆடுது’ என்றார். ‘எத்தினை பேர் இறுக்கினவை, ஐயா?’ என்று கேட்டேன். மூன்று விரலைக் காட்டினார். பெட்டியின் திருகை மூன்று கராஜில் மூன்று பேர் இறுக்கியும் தளர்த்தியும் விட்டிருந்தார்கள். வெண்கட்டிக் கோடு கீறி ஆட்டியபோது கோடு முறிந்தது கப்ளிங்கின் கீழ்க் கிளாம்ப்பில். போல்ற்றைக் கழற்றினால் அதன் உடலில் தண்டின் பல் பதிந்த தழும்பு. பள்ளத்துக்குள் அது ஒரு நாளும் போனதில்லை. கப்ளிங்கைச் சரியான ஆழத்துக்கு இறக்கி, தேய்ந்த போல்ற்றை அதே விட்டமும் அதே வலிமையும் உள்ள புதிய போல்ற்றால் மாற்றியதோடு ஊஞ்சல் நின்றது. பெட்டியை மரமாக்கியிருந்த திருகைப் பழைய நிலைக்குக் கொண்டுவரத்தான் அன்றைய பாதி நாள் போனது.

இந்தப் போல்ற்றுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் சாதாரண மென்போல்ற்றைப் போடுவதும், கிளாம்ப்பைத் தண்டோடு வெல்டிங் செய்வதும், புதிய துளை அடித்து ஆணி அறைவதும் கூடாது. இந்த ஒரு மூட்டு விட்டுப்போனால் ஓட்டுநரின் கையில் வளையம் சும்மா சுழலும். பிறேக் ஒன்றுதான் மிஞ்சும்.

கப்ளிங் நல்லதாக இருந்தால் ட்ரொப் ஆமுக்கு வாருங்கள். பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டில் அதன் பெரிய நட் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, பெட்டிக்கு எதிர்ப்பக்கச் செசியில் இருக்கும் ஐட்லர் ஆமைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அதன் புஷ் தேய்ந்தால் நடுத் தண்டு முழுவதும் தொங்கி ஆடும். ஆனால் ஆசனத்தில் இருப்பவருக்கு அது கொலத்தின் ஆட்டம் போலவே தோன்றும். ரை றொட் என்ட்களை ஒருவர் வளையத்தை ஆட்ட மற்றவர் உள்ளங்கையால் பொத்திப் பிடித்துப் பார்த்தால் போதும். தளர்ந்த குண்டு கைக்குள் ‘டக்’ என்று அடிக்கும். இவற்றை மாற்றினால் புதிய ஸ்பிளிற் பின் போட மறக்க வேண்டாம். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுவது சிக்கனம் ஆகாது. சக்கரங்களின் கோணத்தையும் பிறகு சரிபார்க்க வேண்டும்.

இவை எல்லாம் சரி என்று தெரிந்த பின்பே பெட்டியின் திருகு. முதலில் பெட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்து, குறைந்திருந்தால் 90 இலக்கக் கியர் எண்ணெயை நிரப்ப வேண்டும். முன்சக்கரம் நேரே இருக்க, பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக உள்ளே விட்டு, திருகு அசையாமல் பிடித்தபடி பூட்டு நட்டை இறுக்க வேண்டும். பெட்டியின் பற்கள் நடுவில்தான் மிக நெருங்கிப் பொருந்தும்படி வெட்டப்பட்டிருக்கின்றன. ஓடும் நேரத்தில் பெரும்பகுதி நடுவிலேயே கழிவதால் தேய்வும் நடுவிலேயே கூடும். ஆகவே தேய்ந்த பெட்டியில் நடுவின் ஆட்டம் முழுவதும் போகும் வரை இறுக்கினால், தேயாத ஓரங்களில் அது இறுகிப் பிடிக்கும். வளைவில் திரும்பிய பிறகு வளையம் தானாகத் திரும்பி வராத வண்டி, ஆடுகிற வண்டியைவிடக் கெட்டது. இறுக்கிய பின் முன்பக்கத்தை உயர்த்தி, ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை வளையத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். எந்த இடத்திலும் பிடித்தால் திருகைத் திரும்பவும் வெளியே விட்டு, மிஞ்சிய சிறிய ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்வதே சரி.

பெட்டியே செசியில் அசைந்தால்

வளையத்தை ஆட்டும்போது பெட்டியின் உடலும் சேர்ந்து அசைவதைக் கண்டால், அதைச் செசியில் பிடித்திருக்கும் மூன்று அல்லது நான்கு போல்ற்றுகள் தளர்ந்திருக்கின்றன, அல்லது செசியே வெடித்திருக்கிறது. போல்ற்றை இறுக்கியும் நிற்காவிட்டால், மேலே சொன்ன மண்ணெண்ணெய், வெண்கட்டி முறையைப் பெட்டியைச் சுற்றிய செசித் தகட்டில் செய்து பாருங்கள். பாரம் ஏற்றிக் கிறவல் வீதியில் ஓடிய வண்டிகளில் வெடிப்பு போல்ற் துளையின் விளிம்பிலிருந்து தொடங்கும். கடலோரமாக முல்லைத்தீவுப் பக்கம் நின்ற வண்டி என்றால் உப்புக் காற்று ஏற்கெனவே தகட்டைப் பாதியாக்கியிருக்கும்.

இந்த வேலையைப் பெட்டியைக் கழற்றிவிட்டு, செசி ஒட்டிப் பழகிய ஒருவரிடம் கொடுக்க வேண்டும். வெடிப்பின் முனையில் ஒரு சிறிய துளை அடித்து அது மேலே ஓடாமல் நிறுத்தி, வெடிப்பை V வடிவில் அரைத்து நிரப்பி, அதன்மேல் தகடு வைத்து ஒட்ட வேண்டும். வெடிப்பின் மேலே ஒரு பூச்சுப் போல ஒட்டுக் கம்பியை ஓடவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் ஒரு போகத்துக்குத் தாங்காது.

மொறிஸ் மைனரில்

மைனரில் பெட்டியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1948இல் அந்தக் கார் வெளிவந்தபோதே அதற்கு றாக்கும், அதைத் தள்ளும் சிறிய பற்சக்கரமான பினியனும்தான். 1953இலிருந்து வந்த அதன் பிக்கப்புக்கும் அதுவே. கொலத்தின் தண்டு கீழே பினியனோடு பல்லும் கிளாம்ப் போல்ற்றுமாகச் சேர்வதால் முன்னர் போல்ற்றைப் பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும். றாக்கின் உடலைப் பிடித்திருக்கும் போல்ற்றுகளையும், ஓரத்து றப்பர்ப் பைகள் கிழியாமல் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். பை கிழிந்த றாக்குக்குள் வன்னிப் புழுதி ஒரு கோடையில் புகுந்து பல்லைத் தின்றுவிடும்.

மைனரில் ஆட்டம் என்று வந்தால் நான் கொலத்தைத் தொடும் முன் முன்சக்கரத்தை உயர்த்தி அதன் கீழ் ட்ரனியனைப் பார்ப்பேன். சக்கரம் திரும்பும் செங்குத்துப் பின் இந்த வண்டியில் மறை வெட்டி ட்ரனியனுக்குள் திருகப்பட்டிருக்கிறது. கிறீஸ் போகாமல் மறை தேய்ந்தால், ஒரு குழியில் விழும்போது பின் மறையிலிருந்து கழன்று சக்கரம் மடிந்து விழும். சக்கரத்தின் மேலையும் கீழையும் பிடித்து ஆட்டும்போது அந்த இடத்தில் தளர்வு தெரிந்தால், கொலத்தின் ஆட்டத்தை மறந்துவிட்டு அதையே முதலில் மாற்றுங்கள். கிறீஸ் அடிக்கும்போதும் சக்கரத்தை உயர்த்தி, பாரம் இல்லாத நிலையில் அடித்தால்தான் மறைக்குள் முழுவதும் போகும். மாதத்துக்கு ஒரு தடவை அடிப்பது மிகையன்று.

கொலத்தின் மேல் பழி போடப்படும் மற்றவை

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வளையம் நடுங்கி, வேகம் கூடினால் நின்றுவிட்டால், அது சக்கரச் சமநிலை அல்லது வீங்கிய ரயர். பிறேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் முன் ட்ரம் அல்லது டிஸ்க். ஒரே பக்கம் இழுத்தால் காற்றழுத்தத்தை முதலில் பார்க்கவும். இவற்றில் எதற்கும் கொலத்தைக் கழற்ற வேண்டியதில்லை.

பூட்டும் ஒழுங்கும் ஓட்டிப் பார்த்தலும்

ஒரு பகுதியைத் திருத்தும்போது மற்றவையும் சற்றுத் தளர்த்தப்பட்டிருந்தால், பூட்டும் ஒழுங்கு முக்கியம். பெட்டியின் செசிப் போல்ற்றுகள் முதலில், பிறகு கப்ளிங், பிறகு தரைத் தகட்டுப் பிடி, கடைசியில்தான் டாஷ் போட் பிறக்கற். மேலே முதலில் இறுக்கிவிட்டால் கொலம் தன் இயல்பான கோட்டில் அமர இடமின்றி வளைந்து நிற்கும். வளையம் ஓரிடத்தில் இலகுவாகவும் மற்றோரிடத்தில் இறுக்கமாகவும் சுழன்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. அப்படித் தெரிந்தால் பிறக்கற் போல்ற்றுகளைத் தளர்த்தி, வளையத்தை இரண்டு தடவை முழுவதும் சுற்றி, கொலம் தானாக அமரவிட்டு மறுபடி இறுக்குங்கள்.

வண்டியை முதலில் முற்றத்திலேயே நடை வேகத்தில் ஓட்டி, இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு ஆளரவம் குறைந்த கிறவல் ஒழுங்கையில், மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் போகாமல். அங்கே அதிர்ந்தும் எதுவும் தளரவில்லை என்றால் மட்டும் ஏ9 வீதிக்கு எடுக்கலாம். முறிகண்டியில் எப்படியும் வண்டியை நிறுத்தத்தானே போகிறோம். பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்கும் அந்தப் பத்து நிமிடத்தில் எஞ்சின் மூடியைத் திறந்து, கப்ளிங் போல்ற்றையும் பெட்டியின் போல்ற்றுகளையும் ஒருமுறை ஸ்பனர் வைத்துப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். முதல் நெல்பாரம் ஏற்றி இறக்கிய பின் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். வெறும் வண்டியில் இறுகியிருந்த பிறக்கற் பாரத்தில் முறுகும் செசியோடு சேர்ந்து சிறிது இளகும்.

வெண்கட்டிக் கோடு முதல் மழையிலேயே கழுவுண்டு போய்விடும். ஆகவே எல்லாம் இறுக்கி முடித்த பிறகு, கிளாம்ப் போல்ற்றின் தலையிலிருந்து கப்ளிங்கின் உடலுக்கும், பெட்டியின் பூட்டு நட்டிலிருந்து திருகுக்கும், வெள்ளை எனாமல் பெயின்றால் குறுக்கே மெல்லிய கோடு ஒன்றை இழுத்து விடுகிறேன். அடுத்த முறை எஞ்சின் மூடியைத் திறப்பவர் எவராக இருந்தாலும், கோடு நேராக நிற்கும் மட்டும் அந்த நட்டுக்கு ஸ்பனர் வைக்க மாட்டார்.